மனப்பாடம் முடிந்த இடத்தில் தொடங்கிய ஆட்டம்

சிங்கப்பூரில் டிசம்பர் 12 அன்று உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம் முடிந்தபோது, பதினெட்டு வயது குகேஷ் பலகையின் முன் அமர்ந்தபடியே கண்ணீர் விட்டார். பிறகு, சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்குரிய கட்டங்களில் மீண்டும் நிறுத்தினார். அந்தக் காட்சியை நாடே பார்த்து நெகிழ்ந்தது.

பாராட்டுகள் குவிந்த அதே வேளையில் ஒரு கேள்வியும் எழுந்தது. டிராவில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனான சீனாவின் டிங் லிரென் ஒரே நகர்த்தலில் செய்த பெரும்பிழையால்தானே குகேஷுக்கு மகுடம் கிடைத்தது என்பதே அந்தக் கேள்வி. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமீர் கிராம்னிக் உள்ளிட்ட சிலர் ஆட்டத்தின் தரத்தைக் கடுமையாகவே விமர்சித்தனர்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மீது சினம் கொள்வதில் பயனில்லை. கேள்வி நியாயமானது. ஆனால், அதற்கான விடை 55-ஆவது நகர்த்தலில் மட்டும் இல்லை. ஆட்டத்தின் முதல் நகர்த்தலிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊர்க் குழந்தைகளுக்குச் செஸ் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதுடனும் அந்த விடைக்குத் தொடர்பு இருப்பதாக நான் கருதுகிறேன்.

பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் தலா ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். கடைசி ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளைக் காய்கள். அதுவும் டிராவானால், மறுநாள் விரைவு ஆட்டங்கள் மூலம் வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவார். விரைவு ஆட்டத் தரவரிசையில் டிங்கின் புள்ளிகள் அதிகம். 2023-இல் கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் ரஷியாவின் நெப்போம்னியாச்சியை வீழ்த்தி அவர் பட்டம் வென்றதும் அத்தகைய விரைவு ஆட்டத்தில்தான். எனவே, டிரா என்பது டிங்குக்குச் சாதகமான முடிவு என்றே பலரும் எண்ணினர்.

அந்த எண்ணத்துக்கு ஏற்பவே அவரது தொடக்கமும் அமைந்தது. ராஜாவின் பக்கமுள்ள குதிரையை முதலில் வெளியே கொண்டுவந்தார். அடுத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, அது விட்டுச்சென்ற இடத்தில் மந்திரியை அமர்த்தினார். பலகையின் நடுப்பகுதியைச் சிப்பாய்களைக் கொண்டு உடனே கைப்பற்றாமல், தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் முறை இது. இந்த ஓப்பனிங் குடும்பத்துக்கு ரிச்சர்டு ரேட்டியின் பெயர் வழங்குகிறது. 1924-இல் நியூயார்க் போட்டியில், எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதிருந்த உலக சாம்பியன் காபாபிளாங்காவை ரேட்டி இத்தகைய தொடக்கத்தின் மூலம் வீழ்த்தியது செஸ் வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

நூறாண்டுகளுக்கு முன்பு இந்தத் தொடக்கம் ஒரு புரட்சி. இன்று அதன் ஒவ்வொரு கிளையும் கணினி நிரல்களால் அலசப்பட்டுவிட்டது. குகேஷ் தயங்காமல் நடுப்பகுதியில் சிப்பாய்களை முன்னேற்றினார். டிங் அவற்றைத் தாக்கினார். மாறி மாறி வெட்டுகள் நிகழ்ந்து, பதினோராவது நகர்த்தல் முடிந்தபோது இரு பக்கமும் ஆறு சிப்பாய்கள் எஞ்சியிருந்தன. முதலில் ஆடுபவருக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய சிறு முன்னிலைகூட வெள்ளைக்குப் பெரிதாகத் தங்கவில்லை. உலக சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில், பல மாதத் தயாரிப்பின் விளைவு ஏறக்குறைய ஒரு சமநிலை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயர்மட்ட செஸ்ஸில் ஓப்பனிங் இன்று அடைந்திருக்கும் நிலை இதுதான். குகேஷுக்குப் போலந்தின் கயெவ்ஸ்கி தலைமையில் ஓர் உதவிக்குழு. டிங்குக்கு ரிச்சர்டு ரப்போர்ட். இரு தரப்பிலும் ஆற்றல்மிக்க கணினிகள். ஒருவர் இரவெல்லாம் தேடிக் கண்டெடுக்கும் புதுமையை, மற்றவரின் கணினி சில நிமிடங்களில் மதிப்பிட்டுவிடும். எனவே, இன்றைய ஓப்பனிங்கின் நோக்கம் எதிராளியை வீழ்த்துவது அன்று. அவரை மனப்பாடத்தின் எல்லைக்கு வெளியே அழைத்துச் செல்வது. அதற்குப் பிறகு நடப்பதே உண்மையான ஆட்டம்.

இந்தப் போட்டியில் வெற்றி தோல்வி கண்ட ஐந்து ஆட்டங்களும் இதையே காட்டுகின்றன. முதல் ஆட்டத்தில் டிங் எதிர்பாராத வகையில் பிரெஞ்சுத் தற்காப்பை ஆடினார்; குகேஷ் தோற்றது நடு ஆட்டத்தில். பதினோராவது ஆட்டத்தில் குகேஷ் ரேட்டி ஓப்பனிங்கின் ஒரு கூர்மையான கிளையைத் தேர்ந்தெடுத்தார். தொடக்கத்திலேயே இருவரின் நேரமும் கரைந்தது. ஆனால், முடிவைத் தீர்மானித்தது 28-ஆவது நகர்த்தலில் டிங் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்ததுதான். மறுநாள் டிங் பதிலடி கொடுத்தார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் அவர் படிப்படியாக அழுத்தம் கொடுத்து வென்ற விதம், இந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டம் எது என்ற விவாதத்தில் கட்டாயம் இடம்பெறும்.

ஓப்பனிங் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மூன்றாவது ஆட்டத்தில் குகேஷின் தயாரிப்பு டிங்கைத் தொடக்கத்திலேயே திணறடித்தது. இறுதியில் டிங் நேரம் தீர்ந்து தோற்றார். ஆனால், பதினான்கு ஆட்டங்களில் தயாரிப்பே பெரும்பகுதி வெற்றியைத் தேடித்தந்தது என்று சொல்லத்தக்க ஆட்டம் அது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

பதினான்காவது ஆட்டத்துக்குத் திரும்புவோம். நடு ஆட்டத்தில் டிங் ஒரு முடிவெடுத்தார். ஒரு சிப்பாயைத் தாமாகவே விட்டுக்கொடுத்து, ராணிகளை மாற்றிக்கொண்டார். அதன் பின் எஞ்சியவை: இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி, குகேஷுக்கு மூன்று சிப்பாய்கள், டிங்குக்கு இரண்டு. சிப்பாய்கள் யாவும் பலகையின் ஒரே பக்கத்தில். கோட்பாட்டின்படி இது டிரா. டிங் போன்ற ஒருவருக்கு இதைக் காப்பாற்றுவது கடினமன்று. எனவே, அந்த முடிவைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால், அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. இனி டிங் வெல்ல முடியாது. தோற்காமலிருக்க மட்டுமே முடியும். குகேஷோ தோற்க வாய்ப்பில்லை, வெல்ல முயலலாம். கடிகாரத்திலும் குகேஷுக்கே நேரம் அதிகம். பலரும் டிராவென்று முடிவுகட்டிய அந்த நிலையில், அவர் இருபதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் பொறுமையாக ஆடினார். மிரட்டல் ஏதுமில்லை, ராஜாவை ஒரு கட்டம் முன்னே, சிப்பாயை ஒரு கட்டம் முன்னே. ஒவ்வொன்றுக்கும் டிங் சரியான விடை சொல்ல வேண்டியிருந்தது. பல மணி நேரம் சொன்னார்.

53-ஆவது நகர்த்தலில் டிங் தமது மந்திரியை ஏ8 என்ற மூலைக் கட்டத்துக்குக் கொண்டுசென்றார். அது தன்னளவில் பிழையன்று. ஆனால், மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு சாய்வு வழிதான் உண்டு. இரண்டு நகர்த்தல்கள் கழித்து, 55-ஆவது நகர்த்தலில், யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று எஃப்2 கட்டத்தில் தமது யானையை வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றினார். அடுத்து, தமது மந்திரியை டி5 கட்டத்தில் வைத்தார். மூலையில் இருந்த வெள்ளை மந்திரிக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாற்றப்பட்டது. பலகையில் எஞ்சியவை இரு ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும் மட்டுமே. அவற்றுள் இரண்டு குகேஷுடையவை.

58-ஆவது நகர்த்தலில் குகேஷின் ராஜா, டிங்கின் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு வந்து நின்றது. இப்போது நகர்த்த வேண்டிய முறை டிங்குடையது. எங்கு நகர்ந்தாலும் வழிவிட்டாக வேண்டும். அத்துடன் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். செஸ் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் மாதத்தில் சொல்லித்தரும் பாடம் இது. உலக சாம்பியன் பட்டம் அந்தப் பாடத்தில் வந்து முடிந்தது.

இங்கே ரேட்டியை மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். ஓப்பனிங்குக்குத் தம் பெயரைத் தந்த அவரை, இன்னொரு காரணத்துக்காகவும் செஸ் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1921-இல் அவர் ஒரு புதிர் அமைத்தார். பலகையில் நான்கே காய்கள். இரு ராஜாக்கள், இரு சிப்பாய்கள். எட்டாத தூரத்தில் ஓடும் எதிரிச் சிப்பாயை வெள்ளை ராஜா பிடிக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால், ராஜா நேராக ஓடாமல் சாய்வாக நடந்தால், ஒரே நடையில் இரண்டு வேலைகளைச் செய்து ஆட்டத்தைக் காப்பாற்றிவிடும். அவருடைய ஓப்பனிங்கைக் கணினிகள் அலசித் தீர்த்துவிட்டன. அந்த நான்கு காய்ப் புதிர் இன்றும் புதிதாகப் பார்ப்பவரை வியக்க வைக்கிறது.

இனி, பெரும்பிழை என்ற குற்றச்சாட்டு. டிங் எஃப்2 கட்டத்தில் யானையை வைத்ததும், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த உலகமே பதறியது. ஆனால், பலகையின் முன் இருந்த குகேஷ், முதலில் தாமும் அதைக் கவனிக்கவில்லை என்றும், வேறொரு நகர்த்தலை ஆட இருந்ததாகவும் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். திரையில் சிவப்பாகத் தெரியும் பிழை, பலகையில் அப்படித் தெரிவதில்லை. நிரலின் துணையுடன் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள், ஆடுபவரை விடத் தாங்கள் அறிவாளிகள் என்ற மயக்கத்துக்கு ஆளாவது இக்காலத்தின் நோய்.

உலகப் போட்டிகளின் வரலாற்றில் பெரும்பிழைகள் புதியவை அல்ல. 1951-இல் டேவிட் பிரான்ஸ்டீன், போத்வின்னிக்குக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் டிராவாக வேண்டிய இறுதி நிலையில் ராஜாவைத் தவறாக நகர்த்தித் தோற்றார். அந்தப் போட்டி 12-12 என்று முடிந்ததால் பட்டம் போத்வின்னிக்கிடமே தங்கியது. 2014-இல் ரஷியாவின் சோச்சியில் மாக்னஸ் கார்ல்சன் செய்த பெரும்பிழையை நம் விஸ்வநாதன் ஆனந்த் கவனிக்காமல் கடந்தார். அந்த ஆட்டத்தில் கார்ல்சனே வென்றார். கிராம்னிக்கும் 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் கணினி நிரலுக்கு எதிராக ஆடியபோது, அடுத்த நகர்த்தலிலேயே ராஜா வீழும் மிரட்டலைக் காணத் தவறினார். இவர்கள் யாருடைய மேதைமையும் இதனால் குறைந்துவிடவில்லை.

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகப் போட்டியையும் மறக்க முடியாது. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வெற்றிக்காகத் துணிந்து தாக்கினார். 28-ஆவது நகர்த்தலில் தவறான கட்டத்துக்குக் குதிரையை நகர்த்தினார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்த ஆட்டத்தோடு பட்டமும் கைமாறியது. அந்தப் போட்டியின்போது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களுள் ஏழு வயது குகேஷும் ஒருவர். பெரிய ஆட்டக்காரர்களும் தவறுவார்கள் என்பதை அவர் அன்றே நேரில் கண்டிருக்கிறார்.

டிங் குறித்தும் சொல்ல வேண்டும். பட்டம் வென்ற பின் மன அழுத்தத்தாலும் உறக்கமின்மையாலும் துன்புற்றதை அவர் மறைக்காமல் பேசியிருக்கிறார். தரவரிசையில் முதல் இருபது இடங்களுக்கு வெளியே சரிந்த நிலையில் சிங்கப்பூருக்கு வந்தவர், பதின்மூன்று ஆட்டங்கள் வரை சரிசமமாக நின்றார். தோற்ற பின்னும், வருத்தமில்லை என்று கண்ணியமாகச் சொன்னார். அவரது கடைசிப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு எள்ளி நகையாடுவது, குகேஷின் வெற்றியையும் சிறுமைப்படுத்துவதாகும்.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில குழந்தைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். இளமையில் மாவட்டப் போட்டிகளில் ஆடியதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. சிங்கப்பூர் வெற்றிக்குப் பின் வந்த முதல் ஞாயிறு, வழக்கமாக ஆறு பேர் வரும் இடத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தனர். பயிற்சி மையம் ஒன்றில் ஓராண்டு படித்த ஒன்பது வயதுச் சிறுவன், சிசிலியன் தற்காப்பின் முதல் பன்னிரண்டு நகர்த்தல்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். வியந்துபோனேன். பிறகு பலகையில் இரு ராஜாக்களையும் ஒரு சிப்பாயையும் மட்டும் வைத்து, வெல்லச் சொன்னேன். அவனால் முடியவில்லை. "இது எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை, அங்கிள்" என்றான்.

அவன் தாய் என்னிடம் கேட்டார்: "எந்த ஓப்பனிங் கோர்ஸ் வாங்கித் தரலாம் சார்?" அந்தக் கேள்விக்கு உடனே என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை. ஓப்பனிங்தான் கடையில் கிடைக்கிறது; காணொளிப் பாடமாகவும், செயலியாகவும், மாதச் சந்தாவாகவும் கிடைக்கிறது. மனப்பாடம் செய்த குழந்தை விரைவில் சிறு கோப்பைகளையும் வெல்கிறது. பெற்றோருக்குக் காட்ட மையத்துக்கும் ஏதோ ஒன்று வேண்டும். இறுதியாட்டப் பயிற்சிக்கு இந்தக் கவர்ச்சி எதுவுமில்லை.

ஆனால், குகேஷ் வளர்ந்த வழி அதுவன்று. பன்னிரண்டு வயதில் அவர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும்வரை கணினி நிரல்களிடமிருந்து அவரை விலக்கியே வைத்திருந்ததாக, அவரது தொடக்கப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பொதுவெளியில் கூறியிருக்கிறார். விடையை நிரலிடம் கேட்காமல் தானே கணக்கிட்டுப் பழகிய சிறுவன்தான், பல மணி நேரம் கழித்தும் சலிக்காமல் கணக்கிட்டுக் கொண்டிருந்தான். காபாபிளாங்காவும் 1921-இல் வெளிவந்த தமது அடிப்படைப் பாடநூலை எளிய இறுதி நிலைகளிலிருந்தே தொடங்கினார்.

உச்சத்தை எட்டியவர்களுக்கு ஓப்பனிங் தயாரிப்பு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குகேஷுக்கும் பின்னாளில் அது தேவைப்பட்டது, கிடைத்தது. என் வாதம் வரிசை பற்றியது. எது முதலில், எது பிறகு?

இதில் பணமும் இருக்கிறது. ஓப்பனிங் அறிவு விலைக்குக் கிடைப்பது. எனவே வசதியுள்ளவரிடம் அதிகம் சேர்வது. ஆற்றல்மிக்க கணினி, தனிப்பயிற்சியாளர், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய தரவுகள் என்று செலவு நீளும். நாளை வேறொரு நிரல் வந்தால், நேற்று மனப்பாடம் செய்தது செல்லாக்காசாகிவிடும். இறுதியாட்ட அறிவோ, ஒரு பலகையும் பொறுமையான ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும், எந்த ஊர்ப் பள்ளியிலும் கிடைக்கக்கூடியது. நூறாண்டு ஆனாலும் பழையதாகாது. மகனுக்காக மருத்துவப் பணியை ஒதுக்கிவைத்து உடன் பயணம் செய்ய குகேஷின் தந்தையால் முடிந்தது. எல்லாத் தந்தையராலும் அது முடியாது.

தமிழக அரசு குகேஷுக்கு 5 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்துப் பெருமைப்படுத்தியிருக்கிறது. செஸ்ஸுக்கெனத் தனி அகாதெமி அமைக்கப்படும் என்றும் அறிவித்திருக்கிறது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கி, 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் வழியாக வந்த மரபு, இப்போது அரசின் பொறுப்பிலும் ஒரு பகுதியாக வந்து சேர்கிறது. அந்த அகாதெமியின் கதவு அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் உண்மையில் திறக்க வேண்டுமானால், அங்கே வாங்கக்கூடிய அறிவுக்கு முன்பாக, உழைத்துப் பெறக்கூடிய அறிவு கற்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவருக்கேனும் அடிப்படை இறுதி நிலைகளைக் கற்பிக்கப் பயிற்சி தரப்பட வேண்டும். மாணவர் ஆட்டம் முடிந்ததும் நிரலைத் திறப்பதற்கு முன், தன் ஆட்டத்தைத் தானே அலசி எழுதும் பழக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் என் விடையைச் சொன்னேன். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்றேன். பலகையில் இரு ராஜாக்களையும் மூன்று சிப்பாய்களையும், சிங்கப்பூரில் கடைசியாக நின்ற அதே கட்டங்களில் வைத்து, சிறுவனைக் கருப்புப் பக்கம் உட்காரச் சொன்னேன். இரண்டு முறை தோற்றான். மூன்றாம் முறை, ராஜாவை எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தான். அகாதெமி தனது முதல் பாடத்தை அந்த நிலையிலிருந்தே தொடங்கலாம்.